சிட்னித் துறைமுகத் திருநாள்

கண்டி வாவியின் கரையிலே மாலைப் பொழுதில் உலாவுவோர், முகில் வடிவில் வளைந்து செல்லும் மதிலின் நிழல் நீரில் படிந்திருப்பதையும், வாவியின் நடுவே மரங்கள் அடர்ந்த சிறு தீவையும் கண்டு மகிழ்வர். கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல் நிலங்களை மறித்து அணை கட்டுவித்து, தேவேந்திர மூலாசாரி என்னும் சிற்பியைக் கொண்டு ஆக்குவித்த நீர்நிலை அது. 1812ஆம் ஆண்டளவில் அதன் வேலை நிறைவுற்றது. மூன்று ஆண்டுகளுக்குள் மன்னன் தன் முடியை இழந்தான். அந்த வாவியில் உல்லாசப் படகுகள் உலவியதுண்டு. ஆயின் கப்பல் எதுவும் வந்து நங்கூரம் பாய்ச்சியதில்லை. மலைகள் சூழ்ந்த நகரமாகிய கண்டியிலிருந்து கொழும்புத் துறைமுகத்தை அடைவதற்குச் சாலை வழியே ஏறத்தாழ 115 கிலோமீற்றர் செல்லுதல் வேண்டும்.

எனினும் கண்டியின் தலைவிதியை எழுதியது கடலே. 1658இல் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து வெளியேற்றிய ஒல்லாந்தர், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இத்தீவின் கரையோரம் முழுவதையும் தம்முடையதாக்கிக்கொண்டனர். கண்டி மன்னனிடம் மலையும் காடும் வயலும் எஞ்சின. துறைமுகம் ஒன்றேனும் எஞ்சவில்லை. நாள்தோறும் உணவிற் சேர்க்கும் உப்புக்குங்கூடக் கண்டி மக்கள் கரையோரத்தை ஆண்டவரின் இசைவை நாட வேண்டியதாயிற்று. துறைமுகம் எவர் கையில் இருக்கின்றதோ அவர் கைக்கே வாணிகமும் படையும் போய்ச் சேருகின்றன. காலப்போக்கில் எந்த நாள் திருநாள், எந்த நாள் துயர நாள் என்று நாட்காட்டியிற் குறிக்கும் உரிமையும் அவர் கைக்கே போய்விடுகின்றது. இந்த உண்மையைக் காட்டும் வரலாறுகளுள் ஒன்று, தென்கடலிலே சிட்னித் துறைமுகத்தில் நடைபெறும் பாய்த்தோணிப் பந்தயத்தின் வரலாறாகும்.

ஜனவரி 26 என்றதும் தமிழ் நேயர் பலருக்கு இந்தியக் குடியரசு நாளே நினைவுக்கு வரும். 1930இல் பூரண சுயராச்சிய நாளாகக் கொண்டாடப்பட்டு, 1950இல் குடியரசு பிறந்த நாளாகிய நாள் அது. அதே நாளில் அவுஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்திலும் ஒரு விழா நிகழ்கின்றது. இந்தியாவின் விழா ஆங்கில முடியாட்சி முடிந்ததைக் குறிப்பது. சிட்னியின் விழாவோ ஆங்கில ஆட்சி தொடங்கியதைக் குறிப்பது. அங்கே 1837ஆம் ஆண்டு முதல் அந்நாளில் பாய்த்தோணிகள் ஓடி வருகின்றன. 2024இல் நடைபெற்றது 188ஆவது பந்தயமாகும். இரு பெரும் உலகப் போர்களின் காலத்திலும் அது நின்றுபோகவில்லை என்றும், ஆண்டுதோறும் இடையறாது நடைபெறும் பாய்மரப் பந்தயங்களுள் உலகிலேயே அதுவே மிகப் பழையது என்றும் அதனை நடத்துவோர் பெருமையுடன் கூறுவர். இத்தகைய பந்தய விழாவை ரெகாட்டா என்று வழங்குவர். வெனிசு நகரத்து மக்களின் பேச்சிலிருந்து ஐரோப்பிய மொழிகள் எடுத்துக்கொண்ட சொல் அது.

விழாவின் பொருளை அறிய, அது எந்த நிகழ்ச்சியை நினைவூட்டுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1787 மே 13ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்சுமத் துறைமுகத்திலிருந்து பதினொரு கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவருள் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் நாடுகடத்தப்பட்ட கைதிகள். சிறு களவுக்கும் நீண்ட தண்டனை விதிக்கப்பட்ட காலம் அது. அமெரிக்கக் குடியேற்றங்கள் கைவிட்டுப்போன பின்னர், நிரம்பி வழிந்த சிறைகளுக்கு வடிகாலாக ஆங்கில அரசு கண்ட வழியே இப்பயணம். ஆர்தர் பிலிப் என்னும் கடற்படைத் தலைவர் இதற்குப் பொறுப்பாளர். எட்டு மாதங்களுக்கு மேற்பட்ட பயணத்தின் பின்னர் 1788 ஜனவரியில் பொட்டனி குடாவை அடைந்தபோது, அங்கே ஆழம் போதாது, நன்னீரும் போதாது என்று பிலிப் கண்டார். வடக்கே சில மைல் தொலைவில் இருந்த வேறொரு நீர்வாயிலுக்குச் சிறு படகுகளில் சென்று பார்த்தார். எண்ணிறந்த கிளைக்குடாக்களுடன் காற்றின் சீற்றம் எட்டாத ஆழ்ந்த துறைமுகம் ஒன்று அங்கே விரிந்து கிடந்தது. ஜனவரி 26ஆம் நாள், நன்னீரோடை ஒன்று வந்து கலக்கும் குடாவின் கரையிலே கொடி ஏற்றப்பட்டது, வேட்டுக்கள் முழங்கின. அதுவே இன்றைய சிட்னியின் தொடக்கம்.

அக்கரை வெற்றிடமாக இருக்கவில்லை. இயோரா என வழங்கும் மக்கட் கூட்டத்தினர் பல்லாயிரம் ஆண்டுகளாக அக்குடாக்களில் வாழ்ந்து வந்தனர். மரப்பட்டையை நெருப்பிற் காட்டி வளைத்து, இரு முனைகளையும் கட்டி, நவீ என்று அவர்கள் அழைத்த சிறு தோணிகளைச் செய்தனர். அத்தோணிகளில் மீன் பிடித்தவர் பெரும்பாலும் பெண்களே. பட்டை நாரினால் திரித்த தூண்டிற் கயிறும் சிப்பியினால் தேய்த்துச் செய்த தூண்டில் முள்ளும் அவர்களின் கருவிகள். தோணியின் நடுவே களிமண் பரப்பி அதன்மீது நெருப்பு வளர்த்து, பிடித்த மீனை அங்கேயே சுட்டு உண்பர். மடியிலே குழந்தையும் இருக்கும். பரங்காரு என்னும் மீனவப் பெண்ணும் அவளுடைய கணவன் பெனலோங்கும் வந்தேறிகளின் குறிப்புக்களில் பெயர் பெற்றவர்கள். 1789இல் பெரியம்மை நோய் பரவி அம்மக்களுள் மிகப் பலரை அழித்தது. தோணிகள் குறைந்தன, கப்பல்கள் பெருகின. அத்துறைமுகத்தில் முதன்முதல் தோணி விட்டவர்கள் அப்பெண்களே என்பது பந்தய வரலாற்றை எழுதுவோர் மறத்தற்கு இயலாத செய்தியாகும்.

ஜனவரி 26 உடனே அரச விழாவாகிவிடவில்லை. அதனை முதலில் விரும்பிக் கொண்டாடியவர்கள், தண்டனைக் காலம் முடிந்து விடுதலை பெற்று, நிலமும் கடையும் தேடிக்கொண்ட முன்னாட் கைதிகளே. தாய்நாட்டினால் தள்ளப்பட்டவர்கள் புதிய நாட்டிலே தலைநிமிர்ந்தமையை நினைந்து அந்நாளில் கூடி விருந்துண்டனர். ஆகவே அவ்விழாவின் வேரிலே ஏழையின் தன்மானமும் கலந்திருந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. 1818இல் முப்பது ஆண்டுகள் நிறைவுற்றபோது ஆளுநர் லக்லன் மக்குவாரி முப்பது பீரங்கி வேட்டுக்களை முழக்குவித்து, அரசாங்க வேலையாட்களுக்கு ஓய்வும் அளித்தார்.

இந்த மக்குவாரி இலங்கைக்கு அந்நியர் அல்லர். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலப் படையில் அவர் பணி புரிந்தவர். 1810இல் அவர் சிட்னிக்கு ஆளுநராகச் சென்றபோது உடன் சென்ற படை, 73ஆம் காலாட்படை. அப்படை 1814இல் சிட்னியை விட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1815இல் கண்டியைக் கைப்பற்றப் புறப்பட்ட படைகளுள் அதுவும் ஒன்று. சிட்னிக் குடாவின் கரையிலே காவல் நின்ற அதே போர்வீரர்கள் கண்டி மலைகளில் ஏறினர் என்பது பலர் அறியாத தொடர்பாகும். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை அரச மண்டபத்தில் வாசிக்கப்பட்டு, ஆங்கிலக் கொடி ஏற்றப்பட்டது. சிறைப்பட்ட மன்னன் 1816 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கோர்ன்வாலிஸ் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டுச் சென்னைக்கும், அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் கொண்டு செல்லப்பட்டான். 1832இல் அங்கேயே இறந்தான். துறைமுகம் இல்லாத அரசின் கடைசி மன்னன், தான் ஒருபோதும் ஆளாத துறைமுகத்தின் வழியாகவே நாட்டை விட்டு நீங்கினான். சிட்னியிலே முப்பது வேட்டுக்கள் முழங்கிய 1818ஆம் ஆண்டிலே, ஊவாவில் தொடங்கிய பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டு, அதன் தலைவன் கெப்பெட்டிப்பொல அந்த ஆண்டின் நவம்பர் மாதத்தில் கண்டியில் தலை துணிக்கப்பட்டான். ஒரே பேரரசின் ஒரே ஆண்டு; ஓரிடத்தில் திருநாள், மற்றோரிடத்தில் கொலைக்களம்.

இனிப் பந்தயத்தைக் காண்போம். சிட்னி நீரால் வாழ்ந்த நகரம். கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் பொருளையும் கொண்டு சேர்க்கும் தோணிக்காரர், திமிங்கில வேட்டைக்குச் செல்லும் மாலுமிகள், மரமும் கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் ஏற்றிவரும் பாய்த்தோணிக்காரர், தோணி கட்டும் தச்சர் என்று நகரத்து உழைப்பாளர் பலர் நீரையே நம்பி வாழ்ந்தனர். எவருடைய தோணி விரைவாக ஓடும் என்ற வாதம் துறையிலும் சாராயக் கடையிலும் ஓயாது நிகழ்ந்திருக்கும். 1827 ஏப்ரலில் ரெயின்போ, சக்சஸ் என்னும் போர்க்கப்பல்களின் தலைவர்கள் ஏற்பாடு செய்த பந்தயம் ஊராரை ஈர்த்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1837 ஜனவரி 26ஆம் நாள், குடியேற்றத்தின் 49ஆவது ஆண்டு நிறைவில், முதலாவது ஆண்டுவிழாப் பந்தயம் நடைபெற்றது. தண்டு வலிக்கும் தோணிகளும் பாய் விரிக்கும் தோணிகளும் தனித்தனி வகுப்புக்களாக ஓடின. கனவானின் படகுக்கும் தோணிக்காரனின் படகுக்கும் ஒரே நீர்ப்பரப்பே களமாயிற்று.

அந்த ஆண்டு விருந்தில் ஒரு பிணக்கும் நேர்ந்தது. அவ்விருந்துக்கு அந்நாட்டிற் பிறந்தவர்கள் மட்டுமே அழைக்கப்பட்டனர். கைதிகளின் மக்கள் தலைநிமிர்ந்து, இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த சீமான்களைப் பார்த்து, இந்நாட்டின் மைந்தர் யாமே என்று கூறிய குரல் அது. ஆனால் அந்நாட்டிற் பிறந்தவர் என்ற கணக்கில் இயோரா மக்கள் சேரவில்லை. நாட்டிற்கு உரியவர் எவர் என்ற வினா பந்தயத்தின் முதல் ஆண்டிலேயே எழுந்தது. அதற்குக் கூறப்பட்ட முதல் விடையே குறைபாடுடையதாயிற்று.

அடுத்த ஆண்டாகிய 1838இல் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்காக ஜனவரி 26 முதன்முறையாகப் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. கரையெங்கும் மக்கள் குழுமினர். கப்பல்கள் கொடிகளால் அணிசெய்யப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் தாசுமேனியாவின் ஆளுநர் ஜோன் பிராங்கிளின் ஹோபாட் நகரத்திலும் இத்தகைய பந்தய விழா ஒன்றைத் தொடக்கி வைத்தார். குதிரைப் பந்தயத் திடலுக்குள் செல்லப் பணம் வேண்டும். கரையிலே நின்று தோணிகளைப் பார்க்க எவருக்கும் பணம் வேண்டியதில்லை. இந்தப் பந்தயங்கள் பொதுமக்கள் நெஞ்சிலே நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பாய்த்தோணிப் பந்தயம் வெறும் வேகப் போட்டி அன்று. காற்று வீசும் திசைக்கு நேர் எதிரே எந்தப் பாய்த்தோணியும் செல்ல இயலாது. ஆகவே தலைவன் தோணியை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டி, பின்னர்ப் பாயை மறுபக்கம் மாற்றி, வளைந்து வளைந்தே காற்றுக்கு எதிராக முன்னேறுவான். எந்த இடத்தில் திரும்புவது, எந்தக் குடாவின் வாயிலில் காற்று மாறும், பெருக்கும் வற்றும் எப்பக்கம் இழுக்கும் என்பவற்றை அறிந்தவனே வெல்வான். எங்கள் வடகரைக் கடலோடிகள் வாடைக்காற்றையும் சோழகக்காற்றையும் அறிந்திருப்பது போலவே சிட்னித் தோணிக்காரரும் தம் காற்றுக்களை அறிவர். கோடைகால நண்பகலின் பின் வடகிழக்கிலிருந்து கடற்காற்று எழும். ஆனால் வெப்பம் மிகுந்த நாட்களில் திடீரெனத் தெற்கிலிருந்து பெருங்காற்று பாய்ந்து வந்து, ஒரு கணத்தில் தோணிகளைக் கவிழ்ப்பதும் உண்டு. துறைமுகத்தில் நங்கூரமிட்ட பெருங்கப்பல் ஒன்றைக் கொடிக்கப்பலாகத் தெரிந்து, அதிலிருந்து விருந்தினர் பந்தயத்தைக் காண்பது மரபு. வேட்டொலி கேட்டதும் தோணிகள் தொடக்கக் கோட்டைக் கடக்கும். மிதவைகளைச் சுற்றி மீளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பந்தயத்துக்குப் புத்துயிர் அளித்தவர் மார்க் போய் என்னும் சிட்னி வணிகர். பந்தயம் கனவான்களின் மன்றங்களுக்குள் ஒடுங்கிக் கரையில் நிற்கும் மக்களுக்கு விளங்காமற் போகின்றது என்று அவர் கருதினார். தூரத்தில் ஓடும் தோணிகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றின. எண்களைப் படிக்க இயலவில்லை. ஆகவே ஒவ்வொரு தோணியின் பாயிலும் நிறமிட்ட பெரிய சின்னம் ஒன்று பொறிக்கப்படல் வேண்டும் என்றார். எழுத்தறியாதவனும் தனக்கு உகந்த தோணியைக் கண்டு ஆரவாரஞ் செய்ய அது உதவிற்று. 1892 ஜனவரி 26ஆம் நாள் பதினெட்டு அடி நீளத் தோணிகளின் பந்தயத்தை அவர் நடத்துவித்தார். சிறிய உடலும் மிகப் பெரிய பாயும் உடையவை அத்தோணிகள். பாய் தோணியைக் கவிழ்த்துவிடாதபடி பத்துப் பன்னிரண்டு ஆட்கள் விளிம்பில் ஏறித் தம் உடற்பாரத்தால் அதனை நிலைநிறுத்த வேண்டும்.

அவர் பெயரால் வழங்கும் மற்றொரு முறையும் உண்டு. வேகம் வேறுபட்ட தோணிகள் ஒன்றாக ஓடினால் வலியதே வெல்லும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆதலால் ஓட்டம் முடிந்தபின் காலத்தைக் கூட்டிக் கழித்து வெற்றியாளரைத் தீர்மானிப்பதே வழக்கம். அக்கணக்குக் கரையில் நிற்போருக்கு விளங்குவதில்லை. மார்க் போயின் முறையில் மெதுவான தோணி முதலில் விடப்படும். விரைவான தோணி தன் ஆற்றலுக்கேற்பக் காத்திருந்து பின்னர் விடப்படும். முடிவுக் கோட்டை முதலிற் கடப்பதே வென்ற தோணி, வேறு கணக்கில்லை. நீதி ஓட்டத்தின் முடிவில் அறையினுள்ளே வழங்கப்படாமல், ஓட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லார் கண்ணெதிரிலும் வழங்கப்படுகின்றது. இந்த எளிய ஏற்பாட்டை மனத்திற் கொண்டு பிற்கால வரலாற்றை நோக்குதல் நலம்.

1932இல் துறைமுகத்தின் குறுக்கே பெரும் பாலம் திறக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் அந்நாளுக்கு அவுஸ்திரேலிய நாள் என்ற பெயரை ஏற்றன. 1938இல் 150ஆவது ஆண்டு நிறைவு பேராரவாரத்துடன் கொண்டாடப்பட்டது. பிலிப் கரையிறங்கிய காட்சி நாடகமாக நடித்துக் காட்டப்பட்டது. அதிலே தோல்வியுற்று ஓடுவோராக நடிப்பதற்கு உள்நாட்டிலிருந்து ஆதிக்குடிகள் சிலர் வரவழைக்கப்பட்டனர். அதே நாளில் அதே நகரத்தில், எலிசபெத் வீதி மண்டபம் ஒன்றில் வேறொரு கூட்டம் கூடிற்று. வில்லியம் கூப்பர், ஜாக் பாட்டன், வில்லியம் பெர்குசன் என்னும் ஆதிக்குடித் தலைவர்கள் அந்நாளைத் துக்க நாள் என்று அறிவித்தனர். தம் மக்களுக்குக் கல்வியும் முழுக் குடியுரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தனர். அவர்கள் மண்டபத்தினுள் பின்வாயிலாலேயே செல்ல விடப்பட்டனர். ஒரு நாட்டின் பிறந்த நாளில், அந்நாட்டின் மூத்த மக்கள் பின்வாயிலால் நுழைந்தனர் என்பதை விடக் கசப்பான வரலாற்றுக் குறிப்பு வேறொன்று வேண்டுவதில்லை.

ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1988இல் இருநூறாவது ஆண்டு நிறைவின்போது உலகின் பல நாடுகளிலிருந்து வந்த பெரும் பாய்க்கப்பல்கள் சிட்னித் துறைமுகத்தை நிறைத்தன. கரையில் இலட்சக்கணக்கானோர் நின்றனர். அன்றே நகரத் தெருக்களில் ஆதிக்குடிகளும் அவர்களுக்குத் துணைநின்ற வெள்ளையரும் சேர்ந்து பேரணியாகச் சென்றனர். அவர்கள் தொகை நாற்பதாயிரம் என மதிப்பிடப்பட்டது. 1992இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், எடி மாபோ என்பவரின் வழக்கிலே, ஆங்கிலேயர் வந்தபோது அந்நிலம் உரியவரில்லாத நிலமாக இருந்தது என்ற பழங்கொள்கையைத் தள்ளிவிட்டது. எல்லா மாநிலங்களும் ஜனவரி 26ஆம் நாளிலேயே ஒருமித்து விடுமுறை அளிக்கும் வழக்கம் 1994இல் தான் நிலைபெற்றது. வேடிக்கை யாதெனில், அந்நாள் நாடு முழுவதற்கும் உறுதியாக்கப்பட்ட காலமும், அந்நாளைப் பற்றிய ஐயம் நாடெங்கும் பரவிய காலமும் ஒன்றே. படையெடுப்பு நாள் என்று சிலரும், அழியாது எஞ்சிய நாள் என்று சிலரும் அதனைப் பெயரிட்டழைக்கின்றனர். 2022 முதல் துறைமுகப் பாலத்தின் உச்சியில் ஆதிக்குடிகளின் கொடியும் நிலையாகப் பறக்கின்றது. மீன் பிடித்த பரங்காருவின் பெயர் ஒரு கரைப்பூங்காவுக்கும், அவள் கணவன் பெனலோங்கின் பெயர் இசைமாளிகை எழுந்து நிற்கும் முனைக்கும் வழங்குகின்றன. அவற்றிற்கு எதிரேதான் தோணிகள் ஓடுகின்றன.

இந்தச் செய்தி தமிழர்க்குத் தொலைவானதும் அன்று. 1983க்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பலர் சிட்னியிற் குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகள் அத்துறைமுகக் கரையில் நின்று பாய்களைக் கண்டு மகிழ்ந்தே வளர்ந்துள்ளனர். பின்னாளில் கடல் வழியே தஞ்சம் நாடிச் சென்ற தமிழரின் படகுகள் சில திருப்பி அனுப்பப்பட்டன. அழையாது வந்த பதினொரு கப்பல்களின் வருகையைத் திருநாளாகக் கொண்ட கரையிலே, அழையாது வந்த பிற்காலப் படகுகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. இதனைப் பழியாகக் கூறுவதைவிட, திருநாள்கள் தம் தொடக்கத்தை எத்துணை எளிதில் மறந்துவிடுகின்றன என்பதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதே பொருந்தும்.

பிறர் முற்றத்தைக் கூட்டுமுன் தம் முற்றத்தைக் கூட்டுவது முறை. கண்டியின் வரலாறும் இவ்வினாவிலிருந்து விலகியதன்று. கண்டி மன்னனின் வாளேந்திய சிங்கக் கொடியை இலண்டன் செல்சியிலுள்ள முதிய படைவீரர் இல்லத்தில் ஈ. டபிள்யூ. பெரேரா தேடிக் கண்டறிந்தார். கண்டி வீழ்ந்த நூறாவது ஆண்டாகிய 1915இல் மக்கள் அதன் வடிவத்தை மீண்டுங் கண்டனர். 1948 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திர இலங்கையின் கொடியாக அது ஏற்றப்பட்டது. ஆனால் அக்கொடியில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடம் யாது என்ற வினா எழுந்தது. 1951இல் அவர்களைக் குறிக்கும் இரு நிறப்பட்டைகள் சேர்க்கப்பட்டன. அவை போதுமா என்ற வாதம் அன்றும் இருந்தது. எனினும் ஒரு நாட்டின் சின்னத்தை, ஏற்றிய பின்னரும் திருத்த இயலும் என்பதற்கு அது சான்றாகும்.

அதே 1948ஆம் ஆண்டிலே, சுதந்திர நாளின் மகிழ்ச்சி அடங்கு முன்னரே, குடியுரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் வளர்த்த இந்திய வம்சாவளித் தமிழருள் மிகப் பெரும்பாலோர் அச்சட்டத்தால் நாடற்றவராயினர். அவர்களின் முன்னோரும் தோணிகளிலேயே வந்தனர். சிட்னியில் முதற் பந்தயம் ஓடிய காலத்திலே, அவர்கள் பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்துகொண்டிருந்தனர். வழியிலே காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்கள் கரையிறங்கிய நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. அந்நாளில் எந்தப் பாயும் விரிக்கப்படுவதில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிய பின்னரே, 1948இல் தொடங்கிய அந்த வழக்குப் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. இடையிற் சென்றவை 55 ஆண்டுகள்.

ஆகவே சிட்னித் துறைமுகத்தின் பந்தயத்தை நோக்கும் கண்டித் தமிழர், அதில் பகைக்க வேண்டியதையும் காணார். மயங்க வேண்டியதையும் காணார். அதில் இரண்டு உண்மைகள் ஒருங்கே உள்ளன. தள்ளப்பட்ட ஏழைகள் தம் உழைப்பால் உயர்ந்து, கரையில் நின்றோர் எல்லாரும் கண்டு களிக்கும் ஓர் அழகிய விழாவை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பேணி வந்துள்ளனர் என்பது ஓர் உண்மை. அவ்விழாவுக்குத் தேர்ந்த நாள், அதே நீரில் அவர்களுக்கு முன்னரே தோணி விட்ட மக்களின் இழப்பு நாள் என்பது மற்றோர் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது வரலாறாகாது.

அந்நாளை மாற்றுவதா, அவ்வாறே வைத்திருப்பதா என்பது அந்நாட்டு மக்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. ஆயின் அதற்கு வழிகாட்ட வேற்று நாட்டு அறிஞர் எவரும் செல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய பந்தயத்திலேயே அந்த வழி இருக்கின்றது. ஒவ்வொரு தோணியின் நிலையையும் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்து, எல்லாரும் காணும்படி நீதி வழங்கிய பின்னரே வேட்டுப் போடுதல் வேண்டும் என்பது மார்க் போய் காட்டிய முறை. ஒரு நாட்டின் திருநாளுக்கும் அதுவே முறையாகும். எவரை எண்ணாமல் விட்டோம் என்று பார்க்கத் துணியும் நாடே தன் திருநாளை எல்லார்க்கும் உரியதாக்கும். மலைநாட்டுக் குழந்தையொன்று கண்டி வாவியிலே காகிதத் தோணி விடும்போதும், சிட்னிக் குடாவிலே வெண்பாய்கள் விரியும்போதும், அந்த எண்ணம் பெரியோர் நெஞ்சில் நிலைத்திருக்குமாயின், விழாக்கள் எடுப்பதன் பயன் நிறைவுறும்.